மைதானங்களுக்கு நடுவே ஒரு பேட்டை

சிந்தாதிரிப்பேட்டையை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுப் பாருங்கள். சென்னையின் பேர்பெற்ற விளையாட்டரங்குகள் பலவும் அதற்குள் விழுந்துவிடும். கூவத்தைத் தாண்டி வடக்கே போனால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். மேற்கே எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம். தென்கிழக்கே சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், அதையொட்டி அண்ணா நீச்சல் குளம். எல்லாமே நடந்து போகிற தூரம். 2022 செஸ் ஒலிம்பியாட்டும் 2024 கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளும் தொடங்கி வைக்கப்பட்டதும், 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்ததும் இந்தப் பேட்டையின் வாசலில்தான்.

பேட்டைக்குள் நிலைமை வேறு. 1734இல் நெசவாளர் குடியேற்றமாக, கூவம் வளைந்தோடும் இடத்தில் அமைந்த ஊர் இது. தறிக்காகப் போட்ட தெருக்களில் பந்து உருள இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகள் கிளம்பிப் போகும்வரை பையன்கள் காத்திருக்கிறார்கள். இருக்கிற ஒரே பெரிய பசுமை, ஒருகாலத்தில் நேப்பியர் பூங்காவாக இருந்த மே தினப் பூங்கா. அதிலும் ஒரு பகுதி மெட்ரோ சுரங்கப் பணிக்காகப் பல ஆண்டுகள் தகரத் தடுப்புக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்து அரங்குகளின் கேட்டைத் தாண்டுவதற்கு ஓர் அணியிலோ பயிற்சி மையத்திலோ சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் வேண்டும்.

விளையாட்டின் வழியாகப் பிள்ளைகளின் படிப்பையும், படிப்பு முடிந்த பிறகான கற்றலையும் மேம்படுத்த முடியுமா என்ற கேள்வியை இப்படிப்பட்ட இடத்தில் நின்று கேட்பதுதான் சரி. மாநாட்டு மண்டபத்தில் கேட்டால் எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள்.

சொல்லியும் இருக்கிறார்கள். உடற்கல்வியும் விளையாட்டும் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978இல் சாசனம் எழுதியது. 2015இல் அதைத் திருத்தி எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஐ விளையாட்டுவழிக் கல்வியின் ஆண்டாகக் கொண்டாடியது. மறு ஆண்டை ஐ.நா. எடுத்துக்கொண்டது. நம் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் விளையாட்டோடு இணைந்த கற்றலைப் பேசுகிறது. இவர்கள் எல்லோருக்கும் முன்பே மதராஸில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவர்தான். ஆனாலும் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து பதக்கக் கணக்கில் இல்லை. நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லூரியிலிருந்து ஊர் ஊராகப் போன பி.டி. வாத்தியார்கள்தான் அந்தச் சொத்து. இந்தக் கட்டுரையில் அவர்களை நோக்கித்தான் நான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

முதலில் பெற்றோர் கேட்கிற கேள்வி. கிரவுண்டில் போகிற நேரம் மார்க்கைத் தின்றுவிடாதா?

இதற்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் துருவா ரிவியேர் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் 1970களில் ஒரு நீண்ட சோதனை நடந்தது. பாட நேரத்திலிருந்தே வெட்டி எடுத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி கொடுத்தார்கள். பாடம் படித்த நேரம் குறைந்தும் மதிப்பெண் சரியவில்லை. ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னேயே இருந்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 7 முதல் 9 வயதுவரையான 221 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியை ஒன்பது மாதம் பள்ளி முடிந்ததும் ஓடியாட வைத்தது. 2014இல் வெளிவந்த முடிவின்படி, கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் ஆடிய பிள்ளைகள் தேறியிருந்தார்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதய நலத்தையும் எலும்பையும் மட்டும் நினைத்து இல்லை.

ஆக, விளையாட்டு மார்க்கைக் குறைக்காது. கூட்டுமா என்றால், பெரிதாக இல்லை. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் நம் ஊரில் தயங்குகிறார்கள்.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அது ஏறக்குறைய குலதெய்வம். மானுவேல் ஆரோன், சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப், அங்கே ஆடிப் பழகிய ஆனந்த் என்று தொடங்கிய வரிசை, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் வரை வந்திருக்கிறது. 7 முதல் 17 வயதுவரையான பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் கற்பிக்கும் திட்டம் 2011இலேயே அறிவிக்கப்பட்டது. செஸ் ஆடினால் கணக்கு வரும் என்பது கோடம்பாக்கம் முதல் கொளத்தூர் வரை டியூஷன் பலகைகளில் எழுதாத உறுதிமொழி. இங்கிலாந்தில் கல்வி அறக்கட்டளை ஒன்று அதைச் சோதித்துப் பார்த்தது. 100 தொடக்கப் பள்ளிகள், நான்காயிரம் பிள்ளைகள், பள்ளி நேரத்துக்குள்ளேயே ஓர் ஆண்டு முறையான செஸ் பாடம். பாடம் முடிந்து ஓர் ஆண்டு கழித்துக் கணக்குத் தேர்வை ஒப்பிட்டார்கள். வித்தியாசம் எதுவும் இல்லை. 2016இல் இந்த முடிவு வந்தது.

செஸ் ஆடுவது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. செஸ் செஸ்ஸைக் கற்றுத்தருகிறது. கணக்குக்குக் கணக்குதான் போட வேண்டும். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை என்பதையும், ஆனந்த் லயோலாவில் பி.காம். முடித்தார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேதைகளின் கதையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். குகேஷைப் பார்த்துப் பள்ளியை நிறுத்திய வேறு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுப்பதில்லை.

அப்படியானால் விளையாட்டு படிப்புக்கு எங்கேதான் உதவுகிறது? என் பார்வையில், மூளையைவிட வருகைப் பதிவேட்டில். பள்ளியைவிட்டு நிற்கவிருந்த பிள்ளையை நிற்காமல் வைத்திருப்பதில்.

வியாசர்பாடி முல்லை நகரில் உமாபதி, தங்கராஜ் ஆகியோர் நடத்திவரும் அமைப்பின் பெயரிலேயே இது இருக்கிறது: குடிசைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் திறமைக்கும் கல்விக்குமான சங்கம். கால்பந்துப் பயிற்சியும் மாலைப் படிப்பும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அந்தப் பகுதியிலிருந்து தனபால் கணேஷ் போல ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் வரை போனவர்கள் உண்டு. ஆனால் அந்த மைதானத்தின் கணக்கை அவர்களைவைத்துப் போடக் கூடாது. பந்துக்காக வந்து, பந்தைச் சாக்காக வைத்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களை வைத்துப் போட வேண்டும். தண்டையார்பேட்டையின் கருணாலயா இன்னும் விளிம்பில் இருந்து தொடங்கியது. தெருவோரப் பிள்ளைகளோடு வேலை செய்யும் அந்த அமைப்பின் பெண்கள் 2018இல் மாஸ்கோவில் நடந்த தெருவோரச் சிறார் உலகக் கோப்பைக் கால்பந்தில் இந்தியாவுக்காக ஆடினார்கள். மறு ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியிலும் கருணாலயாவின் பிள்ளைகள் இருந்தார்கள். வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் முகவரியும் வேண்டும். நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காகிதங்களைத் திரட்டுவதே ஒரு போட்டி. திரட்டிய பிறகு அதே காகிதங்கள் பள்ளிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவும். விளையாட்டால் கல்வி என்பதன் இந்தப் பக்கம் எந்தச் சாசனத்திலும் எழுதப்படவில்லை.

மைதானம் இல்லாத பேட்டைகள் தங்களுக்கேற்ற ஆட்டத்தைத் தேர்ந்துகொள்ளும். கேரம் அப்படி வந்தது. பலகைக்கு நாலடி இடம், ஒரு குண்டு பல்பு, போரிக் பவுடர். இவ்வளவில்தான் இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம், 2008இல் உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகி, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா என்று ஒரு பெரிய மரபு இந்த நகரத்தில் உருவானது. காசிமாவுக்கு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கொடுத்தது நியாயம். ஆனால் அதே தெருவில் மாவட்ட அளவில் தோற்று நின்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதில்தான் ஒரு கல்விக் கொள்கையின் லட்சணம் தெரியும்.

நம் பள்ளி விளையாட்டின் ஏணி எப்படி இருக்கிறது என்றால், குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, பிறகு மாநிலம். பாரதியார் தின விழா, குடியரசு தின விழா என்று ஆண்டுக்கொருமுறை வரும். மேலே ஏறினால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் கோட்டா. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். அரசு வேலைகளில் 3 சதவீதம். லயோலா, விவேகானந்தா மாதிரிக் கல்லூரிகளில் அணிக்காகவே சேர்த்துக்கொள்கிற வழக்கம். பிறகு தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, வங்கிகள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை, கட் ஆஃப் எட்டாத பிள்ளை, இந்த வாசல் வழியாகக் கல்லூரிக்குள் போனதைச் சென்னையின் எந்தப் பேட்டையிலும் கேட்கலாம். இந்தக் கோட்டாவைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியை உண்டாக்கிய திட்டம் அது.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. மாநில அளவில் ஒரு கோப்பை; அதற்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஏணியில் ஏறாதவர்களுக்கு அந்த ஏணி எதையும் தருவதில்லை. ஒன்பதாம் வகுப்புவரை காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடிய பையன், தேர்வாகாத அன்றோடு கிரவுண்டுக்கும் வருவதில்லை, சில சமயம் வகுப்புக்கும் வருவதில்லை. பயிற்சிக்காக வகுப்பைத் தவறவிட்டதை யாரும் திரும்ப நடத்தித் தந்திருக்கமாட்டார்கள். ஆட்டத்தில் தோற்றதோடு பாடத்திலும் பின்தங்கிப்போகிறவன் அவன். விளையாட்டு விடுதியில் சேர்க்கிற ஒவ்வொரு நிர்வாகமும், தேறாமல் வெளியேறும் பிள்ளைகள் எந்த வகுப்பில் என்ன படிக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டினால் போதும், பாதி விவாதம் அடங்கிவிடும்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் சான்று கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளிகளில் பையன்களுக்கு உள்ள அதே விளையாட்டு வாய்ப்பைப் பெண்களுக்கும் கட்டாயமாக்கியது. பையன்கள் அதிகம் ஆடிய மாநிலங்களில் பெண்களுக்கும் அதிகம் அணி திறக்க வேண்டியதாயிற்று. குறைவாக ஆடிய மாநிலங்களில் குறைவு. பெட்சி ஸ்டீவன்சன் என்ற பொருளியலாளர் இந்த வேறுபாட்டை அளவுகோலாக்கி 2010இல் கணக்குப் போட்டார். விளையாடும் பெண்களின் விகிதம் 10 சதவீதப் புள்ளி உயர்ந்த இடத்தில், கல்லூரி சேரும் பெண்களின் விகிதம் 1 புள்ளியும், வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 1 முதல் 2 புள்ளியும் உயர்ந்திருந்தது. சாம்பியன்களை வைத்துச் செய்த கணக்கு இல்லை இது. பள்ளி அணியில் சும்மா ஆடிய லட்சக்கணக்கான சாதாரணப் பெண்களின் கணக்கு.

நம் ஊருக்கு வந்தால், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி, கண்ணகி நகர் கார்த்திகா. கண்ணகி நகர் என்ன ஊர் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 2000 வாக்கில் தொடங்கி, ஆற்றோரம், கால்வாயோரம், ரயில் பாதையோரம் இருந்த நகர்நடுக் குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட இடம். கூவக்கரையின் பிற்காலக் காலிசெய்தல்களில் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் போயின. சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய கரையும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. கல்வியாண்டின் நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தூக்கிவைக்கப்பட்ட பிள்ளை பழைய பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும், அல்லது புதுப் பள்ளியில் யாரையும் தெரியாமல் உட்கார வேண்டும். நிறையப் பேர் மூன்றாவது வழியாக நின்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு கபடிக் குழுவும் தினமும் மாலையில் தவறாமல் வருகிற ஒரு கோச்சும் இருப்பது, புதிய ஊரில் பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் சொந்தம். கண்ணகி நகர் என்றாலே வேலை கொடுக்கத் தயங்கிய நகரம் இப்போது அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்வதையும் கல்வி என்றே சேர்த்துக்கொள்ளலாம், நகரத்துக்கான கல்வி.

எல்லா ஆட்டமும் நல்லது செய்யும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கடிவாளம் தேவை. உத்தரப் பிரதேசத்தில் மாத்யூ லோ என்ற ஆய்வாளர் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை ஆய்வில் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தினார். சில அணிகளில் சாதிகள் கலந்திருந்தன. சில அணிகள் ஒரே சாதி. கலந்த அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்துக்கொண்டவர்களிடம் அது குறைந்தது. ஒரே பந்து, ஒரே மட்டை. அணி பிரித்த விதம்தான் வேறு. ஏரியாவுக்கு ஓர் அணி, தெருவுக்கு ஓர் அணி என்று பிரித்துக் கோப்பை நடத்தும் நம் மன்றங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பக்கத்துத் தெருவோடு முட்டிக்கொள்ள ஏற்கெனவே போதுமான காரணங்கள் உள்ளன.

அந்த மன்றங்களைப் பற்றிக் குறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பள்ளி முடிந்த பிறகான கற்றலுக்கு இந்த நகரத்தில் ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் மலிவான பள்ளி அவைதான். ஒரு டோர்னமென்ட் நடத்துவதென்றால் நோட்டீஸ் அடிக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் வசூலிக்க வேண்டும், ஃபிக்ஸ்சர் போட வேண்டும், காவல் நிலையத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும். இருபது வயதில் இதையெல்லாம் செய்து பழகியவனுக்கு அதற்காக யாரும் ஒரு காகிதம் தருவதில்லை. தர முடியும். நடுவர் தேர்வும் ஸ்கோரர் தேர்வும் இருக்கின்றன. கிரிக்கெட் சங்கம் நடத்துகிறது, மற்ற ஆட்டங்களின் சங்கங்களும் அவரவர் வழியில் நடத்துகின்றன. விதிப்புத்தகத்தைப் படித்து, எழுதி, தேறி, சனி ஞாயிறில் சம்பாதிக்கிற வேலை. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவன் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கி, ஆட்டம் ஓய்ந்த பிறகு மறுபடி விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்து உலகின் முன்னணி நடுவர்களில் ஒருவரானார். மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் கிரிக்கெட்டும் டிகிரியும் கைகோத்துப் போனது சகஜம். அந்த வசதி சிந்தாதிரிப்பேட்டைக்கு வர வேண்டுமானால், தேர்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லித்தர ஓர் ஆள் மன்றத்துக்கு வர வேண்டும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரியோடு மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள், பொதுமக்கள் என்ற பிரிவுகளும் வந்தது, பதினேழு வயதோடு விளையாட்டு முடிவதில்லை என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

ஆள் என்றதும் பி.டி. வாத்தியாரிடம் திரும்ப வருகிறேன். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய சேலம் மாரியப்பனை வாலிபாலிலிருந்து உயரத் தாண்டலுக்குத் திருப்பியது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். நான் மேலே சொன்ன ஒவ்வொரு நல்ல கதையின் அடியிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. சம்பளம் பின்னர் உயர்ந்தாலும், பணிநிரந்தரம் கேட்டு நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டங்களைச் சென்னை பலமுறை பார்த்துவிட்டது. இருக்கிற வாத்தியாருக்கும் பீரியட் கிடைப்பதில்லை. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை 2024இல் துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மைதானம் என்ற சட்ட வாசகத்தை நெருக்கமான தெருவில் எழுந்த ஒரு பழைய பள்ளி எப்படி நிறைவேற்றும்? இடம் வாங்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கிற இடத்தைப் பங்கு போட முடியும். காலை ஆறு முதல் எட்டு, போட்டிகள் இல்லாத நாட்களில், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அரங்கின் பயிற்சித் திடல் முறைவைத்துத் திறக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பி.டி. வாத்தியார் இருந்தால் பஸ்கூட வேண்டாம். இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. தேவைப்படுவது, மைதானம் யாருக்கு என்ற கேள்விக்கு மாநகரம் சொல்லும் பதில். 2025இல் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுகிறவர்களிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க அனுமதிக்கும் தீர்மானம் போட்டது. வட சென்னையிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்களில் பலர் அந்தத் திடல்களில் ஆடி வளர்ந்து, இப்போது அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கிறவர்கள். மனு எழுதவும் கவுன்சிலரைப் பார்க்கவும் பத்திரிகைக்காரர்களை அழைக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.